முகாமுக்குப் போகும் பையில் மாத்திரையும் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐப்பசி பிறந்துவிட்டால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் சனம் வானத்தையும் வாவியின் மட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தபடிதான் படுக்கப் போகும். 1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட கிழவர்களும், 2004 சுனாமிக்கு உறவுகளைக் கொடுத்தவர்களும், 2011 வெள்ளத்தில் வயலை இழந்தவர்களும் இங்கே பக்கத்து வளவுகளில் வாழ்கிறார்கள். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் வெள்ளம் மத்ரசாப் பிள்ளைகளைக் கொண்டுபோனது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தது. ஒவ்வொரு முறையும் அரிசி, பருப்பு, பாய், பால்மா எல்லாம் ஊர்கூடிக் கொடுக்கிறோம். தப்பி வந்தவரின் மனதுக்கு என்ன செய்வது என்பதில்தான் தடுமாறுகிறோம். முதல் ஒரு மாதத்தில் செய்ய வேண்டியதையும் செய்யக் கூடாததையும் உளநலப் பணியில் இருப்பவர்கள் என்ற முறையில் எழுதுகிறோம்.

முதலில் மாத்திரை. ஏற்கெனவே மனநோய்க்கோ வலிப்புக்கோ மருந்து எடுப்பவர்களைப் பற்றி, இடம்பெயர்ந்தவர்கள் தங்கும் முகாமில் யாரும் விசாரிப்பதில்லை. அரச கிளினிக்கில் மாத்திரையைக் கடதாசி உறையில் போட்டுத்தான் தருவார்கள். இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தால் உறை கரைந்து, எது எந்த மாத்திரை என்று தெரியாத மாவாகிவிடும். மருந்து நின்றால் பலருக்கு முதலில் நித்திரை கெடும். பிறகு சந்தேகம், தனியே பேசுதல் என்று பழைய நோய் திரும்பும். வலிப்பு மாத்திரையைத் திடீரென விட்டால் ஓரிரு நாளிலேயே வலிப்பு வரலாம். மனநிலை மாறி மாறி ஏறி இறங்கும் நோய்க்குக் கொடுக்கும் லித்தியம் என்ற மருந்தை எடுப்பவருக்கு வேறோர் ஆபத்து உண்டு. வயிற்றோட்டமோ வாந்தியோ வந்து உடலில் நீர் வற்றினால் இரத்தத்தில் லித்தியம் கூடிவிடும். கை நடுங்கி, நடை தள்ளாடி, பேச்சுக் குழறினால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். குடித்திருக்கிறார் என்று நினைத்து அப்படியே படுக்க விட்டுவிடுவது உயிருக்கே ஆபத்து.

இதற்கு வழி சிறியது. அகன்ற வாயுள்ள பிளாஸ்டிக் போத்தல் ஒன்றைக் கழுவி நன்றாகக் காயவைத்து, மாத்திரைகளை உறையோடே உள்ளே போட்டு மூடியை இறுக்குங்கள். வெளியே கொட்டிக் கலக்க வேண்டாம், பெயரும் வேளையும் உறையில்தான் எழுதியிருக்கும். இரண்டு கிழமைக்கான மருந்து எப்போதும் அதில் இருக்கட்டும். கிளினிக் கொப்பியின் கடைசியாக எழுதிய பக்கத்தைத் தொலைபேசியில் படம் எடுத்து, வேறு ஊரில் இருக்கும் உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். மாதாந்த ஊசி போடுபவராக இருந்தால் அடுத்த திகதியும் அந்தப் படத்தில் தெரிய வேண்டும். வழக்கமான கிளினிக்குக்குப் பாதை இல்லாவிட்டால் அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையில் அதைக் காட்டிக் கேட்கலாம். நனைந்த மாத்திரையைக் காயவைத்துக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது, பேச வைப்பது. "மனசுக்குள்ள வைச்சிருக்காத, நடந்ததைச் சொல்லி அழு" என்று அன்போடுதான் கேட்கிறார்கள். காலையில் ஒரு நிறுவனம், மத்தியானம் ஒரு மாணவர் குழு, பின்னேரம் ஒரு கமரா என்று வந்தால், பிள்ளை கைநழுவியதை ஒரே தாய் ஒரே நாளில் மூன்று தரம் சொல்ல வேண்டியிருக்கிறது. நடந்ததை ஆதியோடந்தமாக ஒரே அமர்வில் சொல்லவைக்கும் முறை பின்னால் வரும் நோயைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கூட்டியும் விடுகிறது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் அதை வேண்டாம் என்கிறது. 2011இல் அது வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி பார்த்தல், கேட்டல், தொடர்புபடுத்தல் என்ற மூன்றோடு நின்றுகொள்கிறது. பக்கத்தில் இருந்து, "இப்ப என்ன வேணும்?" என்று கேளுங்கள். "அக்காவுக்கு ஒரு கோல் எடுக்கணும்", "மாத்துச் சீலை இல்ல" என்று பதில் வரும். அதைச் செய்து கொடுங்கள். அவராகப் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள். "உயிர் தப்பினதே பெரிசு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், பறிகொடுத்தவருக்கு அது வெந்த புண்ணில் வேல்.

தகரக் கூரையில் மழை விழுந்தால் நெஞ்சு அடிப்பது, நள்ளிரவில் திடுக்கிட்டு எழுவது, சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவது எல்லாம் முதல் நான்கு கிழமைகளில் பலருக்கும் வரும். பெரும்பாலானவர்களுக்கு மெல்ல மெல்லத் தானாகவே அடங்கும். படபடப்பு ஏறும்போது மூக்கால் நான்கு எண்ணி உள்ளே எடுத்து, வாயால் ஆறு எண்ணி வெளியே விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். பக்கத்தில் நிற்பவர் "பெரிய மூச்சா எடு, எடு" என்று அவசரப்படுத்துவதால்தான் இது பிழையாகிப் போகிறது. வேகமாக இழுத்து விட்டால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி விறைக்கும், பயம் இரட்டிக்கும்.

நித்திரைக்கு டயஸிபாம் வாங்கிக் கொடுப்பதையும் நிறுத்த வேண்டும். அதிர்ச்சிக்குப் பிந்திய முதல் மாதத்தில் அந்த வகை மாத்திரையை வழங்க வேண்டாம் என்று 2013 முதலே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை உள்ளது. அது பழக்கமாகிவிடும், இரவில் வெளியே கக்கூசுக்குப் போகும் வயோதிபர் தள்ளாடி விழுவார். கள்ளச் சாராயமான கசிப்பும் அப்படித்தான், படுத்தவுடன் உறங்கவைத்து இரண்டு மணிக்கு எழுப்பிவிடும். திருநீறு போடுவது, நூல் கட்டுவது, ஓதிப் பார்ப்பது எதுவானாலும் மனம் ஆறுமென்றால் செய்யுங்கள். ஆனால் கிளினிக் மருந்தை நிறுத்தச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

பிள்ளைகள் பாயை நனைத்தால் அடிக்கவோ மற்றவர் முன்னால் சொல்லவோ கூடாது. படுக்கும் முன் ஒரு தரம் வெளியே கூட்டிப் போய்வந்து, கதவுப் பக்கமாகப் பாயைப் போடுங்கள். சில கிழமைகளில் மாறிவிடும். வெள்ளம் வந்ததுபோலத் திரும்பத் திரும்ப விளையாடினால் விளையாடட்டும். இறந்தவரை "நித்திரை கொள்றார்" என்று சொன்னால் பிள்ளை தானே உறங்கப் பயப்படும். "செத்துப் போயிட்டார், திரும்ப வரமாட்டார்" என்று மடியில் வைத்துக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

கடலுக்கோ வாவிக்கோ போக மாட்டேன் என்பவரை ஒரேயடியாக இழுத்துப் போகாதீர்கள். முழுதாக விலகியிருக்க விட்டாலும் பயம் வளரும். மழையில்லாத நாளில், நம்பிக்கையான ஒருவரோடு, தண்ணீர் தெரியும் தெருமுனை வரை போய், பயம் பாதியாகும் வரை நிற்கட்டும். இருபது முப்பது நிமிடம் எடுக்கலாம். அது பழகிய பிறகு இன்னும் கொஞ்சம் கிட்டே போகலாம். பயம் உச்சியில் இருக்கும்போது திரும்பி ஓடிவந்தால் அடுத்த முறை இன்னும் கடினமாகும்.

ஒரு மாதம் கழிந்தும் வேலைக்குப் போகவோ உறங்கவோ முடியாவிட்டால் வைத்தியசாலை உளநலப் பிரிவுக்குப் போக வேண்டும். சாவைப் பற்றிப் பேசினாலோ, சாப்பாட்டையே விட்டுவிட்டாலோ, ஆளில்லாமல் குரல் கேட்டாலோ ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. "சாகணும் என்று நினைக்கிறீங்களா?" என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. வீட்டிலுள்ள, பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினியை வேறு வளவில் பூட்டி வையுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926, இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம். வெள்ள அறிவித்தல்களோடு இந்த இலக்கத்தையும் தங்கள் பத்திரிகை தினமும் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

பிரதேச செயலகங்களிடம் கேட்பது ஒன்றுதான். முகாமில் பெயர் பதியும் தாளில் "தினமும் எடுக்கும் மருந்து என்ன, எத்தனை நாளைக்கு மிச்சம் இருக்கிறது?" என்ற கேள்வியைச் சேருங்கள். வரிசையில் பத்துப் பேர் காது கொடுத்து நிற்கும்போது கேட்டால் மனநோய்க்கு மருந்து எடுப்பவர் "ஒண்டும் இல்ல" என்றுதான் சொல்லுவார். பதியும் மேசையை வரிசையிலிருந்து நாலைந்து முழம் தள்ளிப் போட்டுவிட்டுக் கேளுங்கள்.

இப்படிக்கு,
உளநலக் களப்பணியாளர்கள் சிலர்,
களுவாஞ்சிகுடி.