பயிற்சி கேஷுவாலிட்டி வாசலில் தொடங்கட்டும்

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லோரும் நலம். இத்தனை நாள் பேச்சுமூச்சு இல்லாததற்குத் திட்டுவதை நேரில் பார்க்கும்போது வைத்துக்கொள். ஸ்ட்ரோக் (பக்கவாதம்) பயிற்சிப் பொறுப்பு உன்னிடம் வந்துவிட்டதாக நம் கடைசி பெஞ்சுக்காரன் சொன்னான். மூன்று கலர் பேனாவில் பரீட்சை எழுதியவன் பாடத்திட்டத்தை நாற்பது பக்கத்துக்குப் போட்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஆனால் அதில் வகுப்பும் கருத்தரங்கும் போக, கேஷுவாலிட்டிக்கு ஒரே ஒரு பத்திதான் என்றானே, அதைக் கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை.

1995இல், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஆல்டிப்ளேஸ் ஊசிக்கு, ஸ்ட்ரோக் ஆரம்பித்ததிலிருந்து கெடு 3 மணி நேரம். 2008இல் அது நாலரை மணி ஆனது. 2015இல் ரத்தக்கட்டியைக் குழாய் விட்டு எடுக்கும் சிகிச்சைக்கு ஆதரவாக ஐந்து ஆய்வுகள் வரிசையாக வந்தன. 2018இல், ஸ்கேனில் தேறுகிற நோயாளிகளுக்கு அது 24 மணி நேரம் வரை நீண்டது. கெடு நீள நீள, படிக்கிற பிள்ளைகளிடம் அவசரம் குறைகிறது. "இன்னும் நேரம் இருக்கு சார்" என்ற பேச்சுதான் எனக்குப் பயம். பெரிய ரத்தக்குழாய் அடைத்தால் நிமிடத்துக்கு சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் போகின்றன என்று 2006இல் போட்ட கணக்கு இருக்கிறதே, அதை அவர்கள் மறந்துவிடக் கூடாது.

முதல் கேள்வியையே மாற்றிச் சொல்லிக்கொடு. "எப்போது ஆரம்பித்தது?" என்று கேட்டால், "காலை ஆறு மணிக்கு" என்பார்கள் வீட்டார். அது அவர்கள் பார்த்த நேரம். "கடைசியாக நன்றாக இருந்ததை யார், எப்போது பார்த்தது?" என்று கேட்கச் சொல். நாலு மணிக்கு பாத்ரூம் போய்விட்டு ஒழுங்காக நடந்து வந்தாரா, யாரிடமாவது போனில் பேசினாரா என்று துருவச் சொல். அந்த ஒரு பதிலில் ஊசி போட வழி பிறக்கும். எதுவும் தெரியாவிட்டால் எம்ஆர்ஐ இருக்கிறது. அதில் டிஃப்யூஷன் என்ற வகைப் படத்தில் தெரிகிற பாதிப்பு, ஃப்ளேர் என்ற வகைப் படத்தில் இன்னும் தெரியவில்லை என்றால், நாலரை மணிக்குள் வந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது ஊசி. பக்கம் பக்கமாக எழுத எனக்கு ஆசை இதில்தான். கிலோவுக்கு 0.9 மி.கி, உச்சம் 90 என்று எல்லோரும் ஒப்பிப்பார்கள். 70 கிலோ ஆளுக்கு மொத்தம் 63 மி.கி, அதில் 6.3 ஒரு நிமிடத்தில், மீதி 56.7 ஒரு மணி நேரத்தில். எடையைக் கண்ணால் மதிப்பிட விடாதே, ஸ்ட்ரெச்சரோடு நிறுத்துப் பார்க்கட்டும். மருந்தைக் கரைக்கும்போது குலுக்கினால் நுரைத்துப்போகும். மெதுவாகச் சுழற்றி, நுரை அடங்கும்வரை வைக்க வேண்டும். 50 மி.கி குப்பி இரண்டைக் கரைத்தால் 37 மி.கி மிஞ்சும். அதை முதலிலேயே உறிஞ்சிக் கொட்டிவிட வேண்டும். மருந்தைச் சீராகச் செலுத்தும் பம்பிலேயே விட்டு வைத்தால் பரபரப்பில் அதுவும் உள்ளே போய்விடும்.

இன்னொன்று, யாரும் கவனிக்காதது. இந்த மருந்து ரத்தத்தில் ஐந்தே நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடும். முதல் தவணையைப் போட்டுவிட்டுப் பம்பைத் தேடி ஓடினால், போட்டது வீண். பம்ப் தயாராகி, டியூபில் மருந்து நிறைந்த பிறகுதான் சிரிஞ்சைத் தொட வேண்டும். கடைசியில் பம்ப் கத்தும்போதும் டியூபுக்குள் மருந்து நிற்கிறது. அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அதே வேகத்தில் சலைன் விட்டு உள்ளே தள்ள வேண்டும்.

கட்டியைக் கரைக்கும் இன்னொரு மருந்தான டெனெக்டிப்ளேஸ் இருந்தால் இந்தப் பாடெல்லாம் இல்லை. கிலோவுக்கு 0.25 மி.கி, உச்சம் 25, ஒரே தள்ளல். ஆனால் மாரடைப்புக்கு இதே மருந்தை ஏறக்குறைய இரு மடங்கு போடுகிறோம். இரண்டு அளவும் ஒரே அலமாரியில், ஒரே அட்டையில் இருந்தால் நடுராத்திரியில் விபரீதம்தான். பெட்டியையே தனியாக வை. டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) ஓடிய லைனில் போட்டால் மருந்து படிந்துவிடும் என்பதையும் அதன்மேல் எழுதி ஒட்டு.

ஊசிக்கு முன் கட்டாயம் பார்க்க வேண்டிய ரத்தப் பரிசோதனை சுகர் மட்டும்தான். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடாதவருக்கு, ரத்தப்போக்குக் கோளாறு என்ற சந்தேகமும் இல்லையென்றால், லேப் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. பிரஷர் 185/110க்குக் கீழே வர வேண்டும். போட்ட பிறகு 24 மணி நேரம் 180/105க்குள் இருக்க வேண்டும். முதல் 2 மணி நேரம் கால் மணிக்கொரு தரம், அடுத்த 6 மணி நேரம் அரை மணிக்கொரு தரம், பிறகு மணிக்கொரு தரம் பார்க்கணும். திடீர்த் தலைவலி, வாந்தி, பிரஷர் ஏற்றம் என்றால் மருந்தை நிறுத்தி உடனே சிடி. பிரஷருக்கு எனாலப்ரில் வகை மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் நாக்கையும் பார்க்கச் சொல், வீங்கி மூச்சை அடைத்துவிடும்.

இனி நான் சொல்வதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. ஸ்ட்ரோக்கின் கடுமையை அளக்கும் என்ஐஎச்எஸ்எஸ் மதிப்பெண் பூஜ்யம் என்று வீட்டுக்கு அனுப்பப்படும் தலைசுற்றல்காரரை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. கை கால் பலமாக இருக்கும், பேச்சு சரியாக இருக்கும். பிடிமானம் இல்லாமல் உட்காரவைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் சாய்வார், நடக்கச் சொன்னால் விழுவார். சிறுமூளையில் அடைப்பை ஆரம்ப சிடி காட்டாமல் போகலாம். மூன்றாம் நாள் வாக்கில் வீங்கி, மூளைநீர் போகும் வழியை அடைத்தால் அப்புறம் அறுவை சிகிச்சைக்கு ஓட வேண்டும். நடக்கவைத்துப் பார்க்காமல் யாரையும் அனுப்பக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடு. விழுங்கும் பரிசோதனை முடியுமுன் வாயில் மாத்திரைகூடப் போகக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள். நிமோனியாவில் போகிறவர்கள் கொஞ்சமா?

நோயாளி ஆஸ்பத்திரிக்குள் வந்ததிலிருந்து ஊசி போடும்வரை ஹெல்சிங்கியில் 1998இல் 105 நிமிடம் ஆனதை 2011இல் 20 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். புது மருந்தால் இல்லை. ஆம்புலன்ஸ் முன்கூட்டியே சொல்லும், அதே ஸ்ட்ரெச்சரில் நேராக சிடி அறை, அங்கேயே ஊசி. இதைக் கரும்பலகையில் கற்றுத்தர முடியாது. ராத்திரி இரண்டு மணிக்கு, அன்று டூட்டியில் இருக்கிற சிஸ்டர், சிடி டெக்னீஷியன், வார்டு பாய் எல்லோரையும் வைத்து, ஒருவரை நோயாளியாகப் படுக்கவைத்து ஒத்திகை பார். ஸ்டாப்வாட்சை ஒரு பிஜி (மேற்படிப்பு மாணவர்) பிடிக்கட்டும். எந்த இடத்தில் நிமிடம் போனது என்று மறுநாள் காலை எல்லோரையும் உட்காரவைத்துப் பேசு. நம் பெரியவர் காதில் விழுந்தால் தூக்கத்தைக் கெடுக்கிறாய் என்பார், நான் பேசிக்கொள்கிறேன்.

அந்த நாற்பது பக்கத்தை அனுப்பிவை, சிவப்புப் பேனாவோடு உட்காருகிறேன். அதற்கு முன்னால் இன்று ராத்திரி ஒரு தரம் சிடி அறைக்குப் போய், மருந்தும் பம்பும் பிரஷர் கருவியும் அங்கே இருக்கின்றனவா, சாவி யாரிடம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பதில் போடு.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
பழைய ரூம்மேட்