வரி விகிதத்தை ஒரே இடத்தில் வை

சிவமயம்

காரைக்குடி

அன்பு மகளுக்கு அப்பச்சி எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம்.

பல பெர்ல் ஸ்கிரிப்டுகளுக்கு ஒரே வேரியபிளை எப்படிப் பொதுவாக வைப்பது என்று போனில் நீ கேட்டதற்குப் பாதிதான் பதில் சொன்னேன். வரி விகிதத்தையும் டேட்டாபேஸ் பெயரையும் ஒவ்வொரு பெர்ல் ஸ்கிரிப்டிலும் வெட்டி ஒட்டி வைத்திருக்கிறாய். அது வேண்டாம்மா. விகிதம் மாறும்போது ஒரு ஃபைலை மறந்தால் போதும், கணக்கு தப்பிவிடும். பெர்ல் எந்தப் பிழையும் காட்டாது.

நம் வீட்டு வளவை நினைத்துக்கொள். முற்றம் எல்லாப் புள்ளிக்கும், அதாவது எல்லாக் குடும்பத்துக்கும், பொது. அறைச் சாவி அவரவரிடம். ‘மை’ (my) போட்ட வேரியபிள் அறைக்குள் இருப்பது. பேக்கேஜ் என்பது பெயர்களைச் சேர்த்து வைக்கும் வளவு மாதிரி; அதன் பெயர்ப் பட்டியலில் அது ஏறவே ஏறாது. பெயர்களை வெளியே கொடுக்கும் எக்ஸ்போர்ட்டர் மாட்யூலைக் கொண்டும் வெளியே எடுக்க முடியாது. நீ மாட்டிக்கொண்டது இங்கேதான் என்று நினைக்கிறேன். ‘நம்முடையது’ என்று பொருள்படும் ‘அவர்’ (our) போட்டு அறிவித்தால் அது பேக்கேஜுக்குச் சொந்தம், வெளியிலிருந்தும் கூப்பிடலாம். 2000இல் பெர்ல் 5.6 பதிப்போடு வந்தது இது. உங்கள் ஆபீஸின் பழைய கோடில் ‘யூஸ் வார்ஸ்’ என்று இருந்தால், அதற்கு முந்தைய வழி என்று புரிந்துகொள்.

பொதுவானதையெல்லாம் ‘பிஎம்’ (.pm) என்று முடியும் ஒரு ஃபைலில் வை; அதுதான் மாட்யூல். மேலே பேக்கேஜ் பெயர், கடைசி வரியில் ஒன்று என்ற எண்; அதை விட்டால் பெரும்பாலும் மாட்யூலை ஏற்ற மறுத்துவிடும். ஸ்கிரிப்டில் ‘யூஸ்’ போட்டு, டாலர் குறி, பேக்கேஜ் பெயர், இரண்டு முக்காற்புள்ளி, வேரியபிள் பெயர் என்று முழுசாக எழுது. நீளம்தான், ஆனால் ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்கும் எங்கிருந்து வந்தது என்று தெரியும். சுருக்கமாக வேண்டுமென்றால் எக்ஸ்போர்ட்டரின் ‘எக்ஸ்போர்ட் ஓகே’ பட்டியலில் சேர்; கேட்பவருக்கு மட்டும் போகும். வெறும் ‘எக்ஸ்போர்ட்’ பட்டியலில் போட்டால் கேட்காதவர் ஸ்கிரிப்டிலும் போய் நிற்கும், எனக்கு அது பிடிக்காது.

மாட்யூல் கிடைக்கவில்லை என்று வந்தால் பயப்படாதே. 2017இல் வந்த 5.26 முதல், நிற்கிற டைரக்டரியில் பெர்ல் தானாகத் தேடுவதில்லை. ஸ்கிரிப்ட் இருக்கும் இடத்தைச் சொல்லும் ‘ஃபைண்ட்பின்’, தேடும் இடத்தைச் சேர்க்கும் ‘யூஸ் லிப்’ இரண்டையும் வைத்து இடத்தைக் காட்டிவிடு.

இனிச் சொல்வதைக் கவனமாகப் படி. ஒரே ஸ்கிரிப்ட் பல மாட்யூல்களை இழுத்தாலும், பொது மாட்யூல் ஒரு தடவைதான் ஏறும். அதனால் ஒரு மாட்யூல் மாற்றிய மதிப்பை மற்றதும் பார்க்கும். ஆனால் தனித்தனியாக ஓடும் இரண்டு ஸ்கிரிப்டுகளுக்கு நினைவகம் வேறு வேறு. காலையில் ஓடியது விகிதத்தை மாற்றியிருந்தாலும், மாலையில் ஓடுவது ஃபைலில் எழுதியிருக்கும் பழைய மதிப்போடுதான் தொடங்கும். மாட்யூல் பகிர்வது எழுதி வைத்ததை. ஓடும்போது மாறியதை அல்ல. அதைக் கடத்த ஃபைலோ டேட்டாபேஸோ வேண்டும்; ஃபைல் என்றால் ‘ஸ்டோரபிள்’ மாட்யூல் கொண்டு எழுதிப் படிக்கலாம். இரவு ரிப்போர்ட் ஏன் ஒத்துப்போகவில்லை என்று கேட்டாயே, முதலில் இதைப் பார்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதே. வரி விகிதத்தை மட்டும் மாட்யூலுக்குக் கொண்டுபோய், பழைய ரிப்போர்ட்டையும் புதியதையும் வைத்து ஒப்பிடு. சரியாக இருந்தால் அப்புறம் டேட்டாபேஸ் பெயர். ஆத்தா சீப்புச்சீடை கூரியரில் அனுப்பியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, அந்த ஃபைலைச் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்
அப்பச்சி