மடிக்கணினியை மூடியும் கவுண்டர் திரை அணையவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போலீஸ் பேசுகிறேன், பேங்க் பேசுகிறேன் என்று போன் போட்டு ஏமாற்றும் மக்காவ் மோசடி பற்றி நம் மலேசியப் பத்திரிகைகளில் அடிக்கடி செய்தி வருகிறது. மோசடிப் புகார் எண்ணான 997-க்கு உடனே அழையுங்கள் என்றும் போடுகிறீர்கள், நல்லது. ஆனால் நம் விவரம் எப்படி வெளியே போகிறது என்று கேட்டால், எங்கேயோ வெளிநாட்டில் உட்கார்ந்து ஒரு ஹேக்கர் திருடுகிறான் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எங்கள் சுங்கை சிப்புட் டவுனில் சில கவுண்டர்களைப் பார்த்தால் திருடவே வேண்டியதில்லை, பெஞ்சில் உட்கார்ந்து வாசித்தாலே போதும்.

நான் சொல்வது, மடிக்கணினியோடு ஒயர் போட்டு கவுண்டரில் வைத்திருக்கும் பெரிய மானிட்டரை. கிளினிக், இன்சூரன்ஸ் ஏஜெண்டு, ரோட் டேக்ஸ் புதுப்பிக்கும் கடை, பாரம் (விண்ணப்பப் படிவம்) நிரப்பித் தரும் கடை என்று பல இடங்களில் இப்போது இது உண்டு. அதை வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வைப்பதில் தப்பில்லை, சொல்லப்போனால் நல்ல வழக்கம். நம் பெயர்களை ஆளுக்கொரு மாதிரி ஸ்பெல்லிங்கில் அடிப்பார்கள், ஐசியில் (அடையாள அட்டையில்) ஒன்று பாரத்தில் ஒன்று என்று ஆகிவிட்டால் அப்புறம் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணம் எடுக்கும்போது யார் அலைவது? திரையைப் பார்த்தால் அங்கேயே திருத்திவிடலாம்.

சிக்கல் எப்போது என்றால், கவுண்டரில் இருக்கும் பெண் பசியாறப் போகும்போது. மடிக்கணினியை டப்பென்று மூடிவிட்டுக் கிளம்பிவிடுகிறார், மூடியாச்சு என்றால் பூட்டியாச்சு என்ற நினைப்பு. பெரிய மானிட்டர் அதுபாட்டுக்கு எரிகிறது. போன மாதம் ஓர் அலுவலகத்தில் (பெயர் வேண்டாம்) நான் காத்திருந்தபோது, எனக்கு முன்னால் வந்து போன அம்மாவின் பாரம் அப்படியே திரையில் நின்றது. பெயர், ஐசி எண், வீட்டு முகவரி, மாதச் சம்பளம், பாக்கிக் கடன், எல்லாம். பெஞ்சில் அந்த அம்மாவின் தோட்டத்துக்காரர்களே இரண்டு பேர். அதில் ஒருவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு நிதானமாக வாசித்தார்! கோலாலம்பூரில் என்றால் அந்த அம்மா யாரோ எவரோ. இங்கே சாயங்காலம் கோயிலுக்குப் போவதற்குள் கடன் கணக்கு ஊருக்கே தெரிந்திருக்கும்.

ஐசி எண்ணை மட்டும் பார்த்தால் என்ன ஆகிவிடும் என்பவர்களுக்கு: அந்த 12 இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடத்தின் குறியீடு (பேராக்கில் பிறந்தவர்கள் பலருக்கும் 08), கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். இத்தனையும் தெரிந்தவன் போன் போட்டு எண்ணைச் சரியாகச் சொன்னால் வயதானவர்கள் நம்பத்தானே செய்வார்கள்?

நான் கணினி வேலை பார்ப்பவன், அதனால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் கணினியில் மூடியை மூடினால் என்ன நடக்க வேண்டும் என்பதற்கு ஓர் அமைப்பு (செட்டிங்) இருக்கிறது. சாதாரணமாக அது கணினியைத் தூங்க வைக்கும். மடிக்கணினியை மூடி ஓரமாக வைத்துவிட்டுப் பெரிய திரையில் மட்டும் வேலை பார்க்கலாம் என்பதற்காக, பொருத்திக் கொடுப்பவர்கள் அதை ‘ஒன்றும் செய்யாதே’ என்று மாற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆப்பிள் மேக்கில் மாற்றவே வேண்டாம், சார்ஜர், வெளித்திரை, கீபோர்டு, மௌஸ் எல்லாம் இருந்தால் மூடிய பிறகும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். லினக்ஸ் பலவற்றிலும் இரண்டாவது திரை செருகியிருந்தால் இதே கதை. இன்னும் சிலர் மானிட்டர் பட்டனை அமுக்கி அணைத்துவிட்டுப் போகிறார்கள். வேறு யாராவது அதே பட்டனை அமுக்கினால் எல்லாம் திரும்ப வந்துவிடும்.

விண்டோஸ் பட்டனையும் ‘எல்’ பட்டனையும் சேர்த்து அமுக்குங்கள், இரண்டு திரையும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். மேக்கில் கண்ட்ரோல், கமாண்ட், கியூ. அவ்வளவுதான். கைப்பேசியை புளூடூத்தில் இணைத்துவிட்டால் நாம் தள்ளிப் போனதும் விண்டோஸ் தானே பூட்டிக்கொள்ளும் வசதியும் உண்டு, ஆனால் பக்கத்து ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருந்தால் அதற்கு நாம் போனதே தெரியாது, எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

பூட்டிய பிறகும் ஒன்று பாக்கி இருக்கிறது. வரும் மின்னஞ்சலும் நினைவூட்டலும் பூட்டிய திரையிலேயே காட்டும்படி அமைத்திருந்தால், எந்த நோயாளிக்கு என்ன டெஸ்ட் என்பதை பெஞ்சில் இருப்பவர் பெரிய எழுத்தில் பார்க்கலாம். விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ் போய், பூட்டுத் திரையில் காட்டுவதை நிறுத்திவிடுங்கள். கிளினிக்காரர்கள் இதை இன்றே செய்யலாம்.

சட்டமும் இருக்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் வந்தது, 2013 நவம்பரில் அமலுக்கு வந்தது. 2024 திருத்தத்துக்குப் பிறகு அதன் கோட்பாடுகளை மீறினால் 10 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. மத்திய, மாநில அரசாங்கங்களுக்கு இது பொருந்தாது என்பது வேறு விஷயம், தனியார் கிளினிக்கும் ஏஜெண்டும் தப்ப முடியாது. ஆனால் கவுண்டரில் குறைந்த சம்பளத்துக்கு நிற்கிற பெண்ணைத் திட்டிப் பயனில்லை. நான் எடுத்துச் சொன்னபோது அவர், “பாஸ் எதையும் மாத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்கார் அண்ணே” என்றார். அந்த பாஸ்கள்தான் ஒருநாள் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, அங்கிருந்து என்னென்ன தெரிகிறது என்று பார்க்க வேண்டும். கணினியைப் பொருத்திக் கொடுக்கும் கடைக்காரர்களும் மூடி அமைப்பை மாற்றினால் மாற்றியிருக்கிறோம் என்று கவுண்டரில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு, பூட்டும் பட்டன்களையும் காட்டிவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்.