முகாமுக்குப் பணம் கட்டும் முன்

அன்புள்ள கயல்,

தோழி கூப்பிடும் நான்கு நாள் முகாமில் ஹிப்னாடிசம் செய்து மனதை மாற்றிவிடுவார்களோ என்று கேட்டிருந்தாய். ஹிப்னாடிசத்துக்குப் பயப்படாதே அம்மா. பயப்பட வேண்டியது மூளைச்சலவைக்குத்தான்.

1840களில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகர மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்ட், ஹிப்னாடிசம் செய்ய, பளபளக்கும் ஒரு பொருளைக் கண்ணிலிருந்து ஏறக்குறைய ஓரடி தூரத்தில், நெற்றிக்கு மேலாகப் பிடித்து, கண் சோரும்வரை பார்க்கச் சொன்னார். இன்று பெரும்பாலும் பேச்சுதான்: மூச்சைக் கவனி, தோளைத் தளர்த்து, கை லேசாகிறது. அந்த நிலையிலும் காது கேட்கும், பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். எல்லோருக்கும் ஒரே அளவில் பலிப்பதுமில்லை. அதில் உண்மையான ஆபத்து ஞாபகத்தில்தான். "சிறுவயதில் உன்னை யார் அடித்தது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டால், நடக்காததும் நடந்ததாகவே பதிந்துவிடும். மறந்த நினைவை மீட்டுத் தருகிறேன் என்பவரிடம் மட்டும் உட்காராதே.

மூளைச்சலவைக்கு இந்த மயக்கமே வேண்டாம், ஆளைச் சுற்றியிருப்பதை மாற்றினால் போதும். கொரியப் போரில் (1950–53) பிடிபட்ட அமெரிக்கர்களைச் சீனர்கள் அடைத்து வைத்த முகாம்களில், அதிகாரிகளைச் சிப்பாய்களிடமிருந்து பிரித்தார்கள். வீட்டிலிருந்து வந்த நல்ல செய்திக் கடிதங்களை நிறுத்தி, கெட்ட செய்தியை மட்டும் கொடுத்தார்கள். "அமெரிக்காவிலும் குறை உண்டு" என்று ஒரு வரி எழுத வைத்து, அதையே எல்லோர் முன்னும் வாசிக்க வைத்து, அடுத்து இன்னும் கொஞ்சம் கடுமையாக எழுத வைத்தார்கள். ஒவ்வொரு படியும் சின்னது, அதனால்தான் மறுக்கத் தோன்றவில்லை. போர் முடிந்தும் 21 அமெரிக்கர்கள் ஊர் திரும்ப மறுத்தார்கள். ஆனால் அவர்களிலும் பெரும்பாலோர் பிற்காலத்தில் திரும்பிவிட்டார்கள் என்பதை மறக்காதே.

ஆகவே பணம் கட்டும் முன்பே கேள்: இரண்டாம் நாள் மதியம் கிளம்ப நினைத்தால் வண்டி கிடைக்குமா? இரவு எத்தனை மணிக்கு முடிப்பீர்கள், காலையில் எப்போது எழுப்புவீர்கள்? ஏழு மணி நேரத் தூக்கம் கிடைக்காத இடத்தில் யோசனை ஓடாது. போனை வாங்கி வைப்பதை மட்டும் வைத்துத் தப்பான இடம் என்று சொல்லிவிட முடியாது, தியான முகாம்களிலும் வாங்குவார்கள். ஆனால் குடும்ப ரகசியத்தைக் கூட்டத்தில் சொல்லச் சொன்னாலோ, எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாலோ செய்யாதே. கடைசி நாள் அழுகையும் கட்டிப்பிடிப்புமாக இருக்கும்போதுதான் அடுத்த கட்டத்துக்குப் பணம் கேட்பார்கள். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்துச் சொல்கிறேன் என்று சொல். அதற்குக் கோபப்பட்டால் அங்கிருந்து உடனே கிளம்பிவிடு.

திரும்பி வரும் டிக்கெட்டை இப்போதே எடுத்து எனக்கு அனுப்பிவை.

அன்புடன்,
அப்பா