எஞ்சினைப் பக்கவாட்டில் படமெடுங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ரயில்வே பணிமனையைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்ட நாளில் எடுத்த படங்களை உங்கள் நாளிதழ் அரைப் பக்கத்துக்கு வெளியிட்டிருந்தது. பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் படங்களுக்குக் கீழே ‘பழமையான ரயில் எஞ்சின்’, ‘பார்வையாளர்களைக் கவர்ந்த எஞ்சின்’ என்றுதான் போட்டிருந்தது. எந்த எஞ்சின், யார் கட்டியது, எந்த ஆண்டு என்று ஒரு வரி இல்லை. உங்கள் புகைப்படக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு பலகைகூட வைக்காவிட்டால் அவர் எதைப் பார்த்து எழுதுவார்?

நான் ரயில் எஞ்சின்களைப் பராமரிக்கும் லோகோ ஷெட்டில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். நீராவி, டீசல் இரண்டிலும் வேலை பார்த்திருக்கிறேன். எங்காவது எஞ்சின்களைக் காட்சிக்கு வைத்தால் அன்று சாயங்காலமே என் போனுக்குப் படங்கள் வர ஆரம்பித்துவிடும். “மாமா, இது என்ன எஞ்சின்?” என்று கேட்டு அனுப்புவார்கள். பெரும்பாலும் நேர் முன்னால் நின்று எடுத்த படமாக இருக்கும். எஞ்சின் முகப்பில் இடியைத் தாங்க வைத்திருக்கும் பஃபருக்கு முன்னால் குழந்தை நிற்கும். பின்னால் இருக்கும் எண் முழுசாக மறைந்திருக்கும். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு எந்தப் பிட்டராலும் உறுதியாக எதையும் சொல்ல முடியாது. எஞ்சினின் அடையாளமெல்லாம் பக்கவாட்டிலும் கீழேயும்தான் இருக்கிறது.

முதலில் சக்கரம். நீராவி எஞ்சின் என்றால் நாலடி தள்ளி, பக்கவாட்டில் நின்று சக்கரங்களை எண்ண வேண்டும். முன்னால் சின்னச் சக்கரங்கள் எத்தனை, நடுவில் கம்பியால் இணைத்த பெரிய சக்கரங்கள் எத்தனை, பின்னால் டிரைவர் நிற்கும் கேபுக்கு அடியில் எத்தனை. ஒரு பக்கம் தெரிவதை இரண்டால் பெருக்கினால் 4-6-2, 2-8-2 என்று மூன்று எண்கள் கிடைக்கும். அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடெரிக் வைட் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரப்பிய முறை இது. 4-6-2 என்றால் பசிபிக், 2-8-2 என்றால் மிகாடோ. ஜப்பானுக்காக அமெரிக்காவின் பால்ட்வின் கம்பெனி கட்டிக் கொடுத்ததால் மிகாடோ என்று பெயர் வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் சக்கரத்தை விட்டுவிட்டு அச்சை எண்ணுவார்கள். நாம் 4-6-2 என்பதை அவர்கள் 231 என்று எழுதுவார்கள். இரண்டும் ஒரே அமைப்புதான். வெளிநாட்டு எஞ்சினைப் பற்றிப் படிக்கும்போது இது தெரியாவிட்டால் குழப்பம் வரும்.

டீசலிலும் மின்சார எஞ்சினிலும் அச்சைத்தான் எண்ண வேண்டும். கீழே இரண்டு சக்கரத் தொகுதிகள் இருந்து, ஒவ்வொன்றிலும் மூன்று அச்சுகள், ஒவ்வொரு அச்சுக்கும் தனி மோட்டார் என்றால் அது கோ-கோ. இரண்டிரண்டு அச்சுகள் என்றால் போ-போ. ஒரே மாதிரி உடம்பு கொண்ட இரண்டு எஞ்சின்களைப் பிரித்துச் சொல்ல இது ஒன்றே போதுமான நேரங்கள் உண்டு.

அப்புறம் எண். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கேபின் பக்கத்தில் பெரிதாக எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். அது அந்த ரயில்வே கொடுத்த எண். ரயில்வே மாறினால், பதிவு முறை மாறினால், எண்ணும் மாறும். பிரிட்டனின் புகழ்பெற்ற ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். 1923-இல் வெளிவந்தபோது 1472. அடுத்த ஆண்டே 4472. 1946-இல் 502, அதே ஆண்டில் 103. அங்கே ரயில்வே நாட்டுடைமை ஆன பிறகு 60103. எஞ்சின் ஒன்று, எண் ஐந்து. நிறத்தையும் நம்பக் கூடாது. காட்சிக்கு வைக்கும்போது புதுசாகப் பெயிண்ட் அடிப்பார்கள். ஓடிய காலத்தில் அந்த எஞ்சினுக்கு அந்த நிறமே இல்லாமல் இருந்திருக்கலாம்.

மாறாதது, கட்டிய தொழிற்சாலை கொடுத்த எண். அது ஒரு தகட்டில் இருக்கும். கம்பெனி பெயர், ஊர், தொழிற்சாலை எண், ஆண்டு எல்லாம் அதில் பொறித்திருக்கும். நீராவி எஞ்சினில், புகைபோக்கிக்கு அடியில் இருக்கும் புகைப்பெட்டியின் பக்கத்திலோ, எஞ்சினைத் தாங்கும் இரும்புச் சட்டத்திலோ, கேபிலோ தேடுங்கள். டீசலில் பெரும்பாலும் கேபுக்குக் கீழே, சட்டத்தின் பக்கவாட்டில் இருக்கும். கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் கம்பெனித் தகடுகளில் பல சாய்சதுரமாக இருக்கும், பால்ட்வின் தகடுகள் பெரும்பாலும் வட்டமாக இருக்கும். எழுத்து தேய்ந்து போயிருந்தாலும் வடிவமே பாதி பதிலைச் சொல்லிவிடும்.

தகடே இல்லை என்றால்? தகடுகள் காணாமல் போவது சகஜம், சேகரிப்பவர்களுக்கு அதன் மேல் அவ்வளவு ஆசை. அப்போது குனிந்து பார்க்க வேண்டும். பெரிய சக்கரங்களை இணைக்கும் கம்பியின் முனையில், தேய்மானத்தைத் தாங்கும் வளையமான புஷ் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், எழுத்துளியால் அடித்த எண்கள் இருக்கும். கிரீஸும் பெயிண்டும் மூடியிருக்கும். விரலால் தடவினால் பள்ளம் தட்டுப்படும், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் எண் தெளிவாகத் தெரியும். பணிமனையில் கம்பிகளைக் கழற்றிப் போட்டால் எது எந்த எஞ்சினுக்கு என்று தெரிய வேண்டுமே, அதற்காக அடிப்பது. இதிலும் ஒரு கவனம் வேண்டும். ஓர் எஞ்சினின் கம்பியை இன்னொன்றுக்கு மாட்டுவது ஷெட்டில் நடப்பதுதான். பாய்லரையும் மாற்றுவார்கள். ஒரே ஓர் இடத்தில் கண்ட எண்ணை வைத்து எஞ்சினுக்குப் பெயர் வைத்துவிடக் கூடாது. இடது கம்பி, வலது கம்பி, சட்டம் மூன்றும் ஒத்துப்போனால் தைரியமாகச் சொல்லலாம்.

இந்திய எஞ்சினில் எழுதியிருக்கும் குறியீட்டைப் படிக்க எல்லாருக்கும் சொல்லித்தரலாம், கஷ்டமே இல்லை. முதல் எழுத்து பாதையின் அகலம்: டபிள்யூ என்றால் 1676 மி.மீ. அகலப் பாதை, ஒய் என்றால் ஒரு மீட்டர் அகலமுள்ள மீட்டர் கேஜ் பாதை, இசட் என்றால் 762 மி.மீ. குறுகிய பாதை. அடுத்தது டி என்றால் டீசல், ஏ என்றால் ஏ.சி. மின்சாரம், சி என்றால் டி.சி. அதற்கடுத்தது வேலை: பி பயணிகள், ஜி சரக்கு, எம் இரண்டும், எஸ் பெட்டிகளை இழுத்து இடம் மாற்றும் ஷண்டிங். ஆக டபிள்யூ.டி.எம்.-2 என்றால் அகலப் பாதையில் இரண்டு வேலையும் பார்க்கும் டீசல். அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி வடிவமைத்த 2,600 குதிரைத் திறன் எஞ்சின் அது. 1962-இல் வந்து இறங்கியது, 1964 முதல் வாராணசியில் கட்டினார்கள்.

ஆனால் குறியீடும் சில இடத்தில் காலை வாரும். இந்தியாவின் பழைய நீராவி வகுப்புகளில் எக்ஸ் என்று தொடங்குபவை அகலப் பாதைக்கானவை. அதை மனசில் வைத்து நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகுப்பைப் பார்த்தால் தப்பாகிவிடும். அது மீட்டர் கேஜ். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் கட்டிய 0-8-2 எஞ்சின். பக்கத்துக்கு இரண்டாக, ஒன்றின் மேல் ஒன்றாக சிலிண்டர்கள் இருக்கும். ஒரு ஜோடி சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றும், இன்னொரு ஜோடி, தண்டவாளங்களுக்கு நடுவே இருக்கும் பல்வரிசையைப் பிடித்து ஏறும் பற்சக்கரங்களைச் சுழற்றும். சிலிண்டரைப் பார்த்தவர்களுக்கு அது மலையேறும் எஞ்சின் என்று குறியீடே இல்லாமல் தெரிந்துவிடும்.

அதிகம் பேர் என்னிடம் கேட்பது இன்னொரு வகை. பார்க்க நீராவி எஞ்சின் மாதிரியே இருக்கும், ஆனால் புகைபோக்கி இருக்காது, கரி வைக்க இடம் இருக்காது, கேபுக்குள் எட்டிப் பார்த்தால் அடுப்புக் கதவும் இருக்காது. ஏதோ பாகத்தைக் கழற்றி விற்றுவிட்டார்கள் என்று நினைப்பார்கள். யாரும் எதையும் விற்கவில்லை. அது நெருப்பில்லா எஞ்சின். முன்னால் இருப்பது பாய்லர் அல்ல, ஃபிளாஸ்க் மாதிரி சூட்டைப் பிடித்து வைக்கும் தொட்டி. தொழிற்சாலையின் நிலையான பாய்லரிலிருந்து அதில் கொதிநீரையும் நீராவியையும் ஏற்றிவிடுவார்கள். அழுத்தம் குறையும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் தானாகவே ஆவியாகிக்கொண்டே வரும், அதில் எஞ்சின் ஓடும். பொறி பறந்தால் ஆபத்து என்று இருக்கும் வெடிமருந்து ஆலைகள், காகித ஆலைகளில் இதற்கு நல்ல வேலை இருந்தது. பலவற்றில் சிலிண்டர் பின்பக்கம், கேபுக்கு அடியில் இருக்கும். இவ்வளவு அருமையான ஒரு யோசனையைக் கண்ணெதிரே நிறுத்தி வைத்துவிட்டு, அது என்ன என்று ஒரு வார்த்தை எழுதாமல் விடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இரண்டு சக்கரக் கூட்டங்களுக்கு நடுவே பாய்லர் தனியாகத் தொங்குவது போல நீளமாக ஒன்று நின்றால், அது காரட். ஹெர்பர்ட் வில்லியம் காரட் 1907-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த வடிவம். முதலில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவுக்காக பிரிட்டனின் பேயர் பீகாக் கம்பெனி 1909-இல் கட்டியது. அதன் சக்கர அமைப்பை நடுவில் கூட்டல் குறி போட்டு எழுதுவார்கள்.

எஞ்சின்களைக் காட்சிக்கு வைப்பவர்களிடம் நான் கேட்பது பெரிய செலவு இல்லை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பலகை வைக்கட்டும். வகுப்பு, சக்கர அமைப்பு, கட்டிய கம்பெனி, தொழிற்சாலை எண், ஆண்டு, பாதை அகலம், எங்கே என்ன வேலை பார்த்தது. தகட்டின் மேல் பெயிண்ட் அடித்து மூடாமல் இருக்கட்டும். ஷெட்டில் வேலை பார்த்த ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தினால் இன்னும் நல்லது. கேட்டால் சந்தோஷமாக வருவார்கள், நான் வருவேன்.

பார்க்கப் போகிறவர்கள் குழந்தையை முன்னால் நிறுத்தி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே எல்லாச் சக்கரமும் தெரிய பக்கவாட்டில் ஒன்று, தகட்டை எழுத்து படிக்கும் அளவுக்கு நெருங்கி ஒன்று, கேபில் எழுதிய எண்ணை ஒன்று எடுத்துவிடுங்கள். கம்பிகளுக்கு நடுவே கை நுழைக்காதீர்கள், சிலிண்டருக்கு நேரே நிற்காதீர்கள், எஞ்சின் சூட்டில் இருந்தால் அங்கே எந்த நேரமும் நீராவி அடிக்கும்.

ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை இத்தகைய படங்களை வெளியிடும் முன் யாராவது ஒரு பழைய லோகோ ஊழியரிடம் காட்டிக் கேளுங்கள். படக்குறிப்பில் வகுப்பும் ஆண்டும் போடுங்கள். அன்று வெளியான படங்களில் மூன்றாவதில் சக்கரங்கள் முழுசாகத் தெரிகின்றன. அதன் அசல் படத்தை எனக்கு அனுப்பினால் பெரிதாக்கிப் பார்த்து எழுதித் தருகிறேன், திருத்தமாக ஒரு மூலையில் போட்டுவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லோகோ ஷெட் பிட்டர்