தம்பிக்கு, செல்லூரிலிருந்து

செல்லூர், மதுரை
8.7.2020

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். தொலைபேசியில் அழைத்தால், "சாப்பிட்டோம், நன்றாக இருக்கிறோம்" என்று சொல்லிவிட்டு உடனே பாப்பாவிடம் கொடுத்துவிடுகிறாய். அதனால் கடிதமாக எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

ஜூன் 24 முதல் இங்கே மறுபடியும் முழு ஊரடங்கு. இப்போது 12ஆம் தேதி வரை நீட்டித்திருக்கிறார்கள். நம் தெருவில் தறிச் சத்தமே இல்லை. நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து வீடு வீடாகப் பொருள் கொடுத்துவருவதை அம்மா சொல்லியிருப்பாள். தன்னார்வலர்கள் நேரடியாகக் கொடுக்கக் கூடாது என்று ஏப்ரலில் அரசு அறிவித்தபோது, மூட்டைகளைத் திண்ணையிலேயே அடுக்கிவைத்துக்கொண்டு தவித்தோம். உயர் நீதிமன்றம் அனுமதித்த பிறகு, முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டுப் போய்வருகிறோம்.

முதலில் அரிசி, துவரம் பருப்பு, எண்ணெய், புளி என்று எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பை கட்டினோம். அது தவறு என்பது இரண்டாவது வாரமே தெரிந்துவிட்டது. குடும்ப அட்டை உள்ளவர்களுக்கு ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அவர்களிடம் இல்லாதவை சிலிண்டருக்குப் பணம், கைக்குழந்தைக்குப் பால் மாவு, பெண்களுக்கு நாப்கின், சர்க்கரை நோய்க்கு மாத்திரை. அரிசியே இல்லாதவர்கள், அட்டை இல்லாத வாடகை வீட்டுக்காரர்களும் வடமாநிலத்துப் பையன்களும்தான். அந்தப் பையன்களும் அரிசியைவிடக் கோதுமை மாவைத்தான் கேட்டார்கள். என்ன வேண்டும் என்று கேட்டுக் கொடுப்பதை இந்த வயதில்தான் கற்றுக்கொள்கிறேன். நீ அதை எப்போதோ அறிந்திருந்தாய். 2015 டிசம்பர் வெள்ளத்தில், முடிச்சூரில் இடுப்பளவு தண்ணீரில் பால் பாக்கெட்டும் மெழுகுவத்தியும் தலையில் சுமந்துபோனவன் நீ. அந்தப் படத்தை அம்மா இன்னும் பீரோவில் வைத்திருக்கிறாள். அப்படிக் கொடுத்துப் பழகிய பிள்ளை, தன் வீட்டு நிலைமையைப் பெற்றவர்களிடம் சொல்லக் கூடாதா? வேலையைப் பற்றி நான் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, மருமகளையும் சாப்பிடச் சொல்.

போன மாதம் நடந்த ஒன்றை மட்டும் உனக்குச் சொல்ல வேண்டும். பணம் அனுப்பியவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டுமே என்று, பை கொடுக்கும்போதெல்லாம் கைபேசியில் படம் எடுத்துவந்தோம். வடக்குத் தெருவில் ஒரு வீடு. தறிக்குழியின் மேல் பலகை போட்டு, அதில் இரண்டு பிள்ளைகளைப் படுக்க வைத்திருந்தார்கள். அந்த அம்மா ஒரு கையால் பையை வாங்கினார். நான் கைபேசியைத் தூக்கியதும் மறு கையால் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். விரல் நுனிகளில் பழைய சாயம் நீலமாக ஒட்டியிருந்தது. நான் படத்தை எடுத்துவிட்டேன், தம்பி. அடுத்த வாரம் போனபோது, தங்களுக்கு ஒன்றும் தேவையில்லை என்று கதவுக்குப் பின்னால் நின்றபடியே சொல்லி அனுப்பிவிட்டார். தேவை இருந்தது, எனக்குத் தெரியும். அன்றிலிருந்து நாங்கள் படம் எடுப்பதில்லை. இருட்டிய பிறகு வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுகிறோம்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பெரியப்பாவும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருக்க, நடுக்கூடத்தில் உன் கையில் பணத்தை எண்ணிக் கொடுத்து, நோட்டில் கையெழுத்து வாங்கினேனே, அதுதான் நினைவில் நின்றது. நீ நிமிராமலே கையெழுத்துப் போட்டாய். கணக்கில் ஒழுங்காக இருப்பது நல்லது என்று அப்போது அம்மாவிடம் வாதாடினேன். கணக்கில் தவறில்லை, உன்னை அங்கே அப்படி நிறுத்தியதுதான் தவறு. அதன் பிறகு நீ என்னிடம் எதையும் கேட்டதில்லை என்பதை உன் நல்ல பழக்கமாக எண்ணிப் பெருமைப்பட்டும் பேசியிருக்கிறேன்.

மருமகள் கணக்கில் சனிக்கிழமை கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன். மாப்பிள்ளைக்குத் தெரியாது, நோட்டிலும் எழுதவில்லை. வாடகைக்கோ, பாப்பாவின் பாலுக்கோ, எதற்கென்று எனக்குச் சொல்ல வேண்டாம். அம்மா வடகமும் மோர் மிளகாயும் போட்டு வைத்திருக்கிறாள். இந்த மாதம் பேருந்து நின்றுவிட்டதால் அனுப்ப வழியில்லை. ஓடத் தொடங்கியதும் கொடுத்து அனுப்புவோம், வேண்டாம் என்று சொல்லிவிடாதே.

அன்புடன்,
அப்பா