கேரியர் இல்லாத சைக்கிள் எதற்கு? ஊராட்சி பேரிடர்க் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

போன மழைக்கு வாங்கிய இரண்டு கியர் சைக்கிள்களைப் போலவே இன்னும் நான்கு வாங்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து வேண்டாம். கேரியரும் டபுள் ஸ்டாண்டும் உள்ள வண்டியாக வாங்குங்கள்.

சைக்கிள் வேண்டும் என்று முதலில் கேட்டவர்களில் நானும் ஒருவன். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோது புதுக்கோட்டைப் பக்கம் சாலையெல்லாம் மரம் கிடந்ததை நாம் மறக்கவில்லை. விழுந்த மரத்துக்கு இந்தப் பக்கமே கார் நின்றுவிடும். சைக்கிளை இரண்டு பேர் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிடலாம். பெட்ரோலும் தேவையில்லை. அதில் நமக்குள் சண்டை இல்லை, எந்தச் சைக்கிள் என்பதில்தான்.

கார்த்திகை மழையில் மூன்று நாள் கரண்டு இல்லாமல் மேல்நிலைத் தொட்டி காய்ந்த கதை உங்களுக்கே தெரியும். கடைசித் தெருவில் ஆச்சி ஒருவர், அவ்வளவு பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார். முற்றத்தில் விழுந்த மழைத் தண்ணீரைப் பிடித்துப் புழங்கிக்கொண்டார். குடிக்க? 20 லிட்டர் கேனோடு உங்கள் கியர் சைக்கிளில் கிளம்பினேன். கேரியர் இல்லை. பாரில் வைக்கலாம் என்றால் அது சரிந்து கிடக்கிறது. ஹேண்டில்பாரில் கயிறு போட்டுத் தொங்கவிட்டேன். அது ஒரு பக்கம் இழுக்க, நான் ஒரு பக்கம் இழுக்க, ஊருணிக்கரை வரை போனேன். அங்கே கருவேல முள் ஏறியது. வண்டிக்கு இருப்பதோ ஒற்றைக் கால் ஸ்டாண்ட். பஞ்சரைப் பார்க்க நான் குனிந்திருந்தபோது செம்மண் சகதியில் அந்தக் கால் மெல்ல இறங்கியிருக்கிறது. வண்டி சாய்ந்தது, கேன் மூடி தெறித்தது, தண்ணீர் முழுக்க ஊருணிக்குள் ஓடியது. ஊருணி அன்றைக்கு ஏற்கெனவே நிரம்பித்தான் இருந்தது.

வெறுங்கையோடு போய் நின்றேன். "இருக்கட்டும்ப்பா, மழ விட்டதும் பாத்துக்கலாம்" என்றார் ஆச்சி. அப்புறம் வீட்டுக்கு வந்து அப்பாவின் பழைய 28 இஞ்ச் வண்டியை எடுத்தேன். கேரியரின் இரண்டு பக்கமும் பக்கத்துக்கு ஒரு கேனாகத் தொங்கவிட்டு, பழைய டியூபை நீளமாக வெட்டி இழுத்துக் கட்டி, 40 கிலோவைத் தள்ளிக்கொண்டே கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

அந்த வண்டியின் பின்சக்கரத்தில் சுமை தாங்க 40 போக்ஸ் கம்பி. பிரேம் இரும்பு, விட்டுப்போனால் எந்த வெல்டிங் பட்டறையிலும் ஒட்டித் தருவார்கள். டியூப், வால்டியூப் எல்லாம் நம் ஊர்ச் சைக்கிள் கடையிலேயே கிடைக்கும். உங்கள் வண்டிக்கு டியூப் வாங்கக் காரைக்குடி போக வேண்டியிருந்தது. பழைய வண்டியிலும் குறை உண்டு. ரிம் நனைந்தால் அந்தக் கம்பி பிரேக் சரியாகப் பிடிக்காது, அதனால் சுமையோடு தள்ளித்தான் போக வேண்டும். சுமையும் தாழ்வாகத் தொங்க வேண்டும். கேரியர்மேல் அடுக்கினால் வண்டி ஆடும். கைப்பம்ப், பஞ்சர் ஒட்டும் சாமான், ஸ்பானர் வைத்த பை ஒன்று ஒவ்வொரு வண்டியிலும் தொங்கட்டும்.

இப்போது உங்கள் வண்டிகளில் தொங்குவது பெயர்ப்பலகை மட்டும்தான். யார் தலைமையில் வாங்கினோம் என்பது புயலுக்கும் தெரிய வேண்டும் போலிருக்கிறது. அந்த வண்டிகளைச் சமுதாயக் கூடத்தில் பூட்டிவைத்தீர்கள்; சாவி வைத்திருந்தவர் அன்று மதுரையில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். அவருடைய போன் நம்பர் எங்கே ஒட்டியிருக்கிறது? பூட்டிய கூடத்துக்குள். பூட்டை உடைத்தது நான்தான், புதுப் பூட்டும் நானே வாங்கித் தந்துவிட்டேன்.

சரி, கோபத்தில் எங்கேயோ போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இருக்கிற இரண்டும் வீணில்லை. மருந்து வாங்கிவர, ஆளனுப்பிச் செய்தி சொல்ல ஆகும். இனி வாங்கப்போகும் நான்கும் கேரியரும் டபுள் ஸ்டாண்டும் உள்ளதாக இருக்கட்டும். ஆர்டர் கொடுக்கும் முன் தண்ணீர் நிரப்பிய இரண்டு கேனோடு கடைக்குப் போவோம், நானும் வருகிறேன். கட்டித் தள்ளிப் பார்த்துவிட்டு வாங்கலாம். அதற்கு முன் ஒருமுறை பார்க்க வேண்டுமென்றால், அப்பாவின் வண்டி எங்கள் திண்ணையோரம் நிற்கிறது. எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்.

இப்படிக்கு,
பூட்டை உடைத்தவன்